கம்பிக்கூட்டுக் குயில்

"அஞ்சாவது வரிக்கும் படிச்சது பத்தாதா கண்ணு? மேல படிச்சி இன்னா பண்ணப் போற, காக்கா குஞ்சுக்கு அ ஆ சொல்லிக் குடுக்கப் போறியா?"

பெரியப்பா இதைக் கோபமாகக் கேட்கவில்லை. என் பின்னலை லேசாக இழுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அவருக்கு என்மேல் கொள்ளைப் பிரியம். கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு அவர் வரும்போதெல்லாம் சட்டைப் பையில் எனக்கென்று வறுத்த கடலையோ ஆரஞ்சு மிட்டாயோ இருக்கும். என் படிப்பை நிறுத்துவதும் அவரைப் பொறுத்தவரை எனக்குச் செய்யும் இன்னொரு நல்லதுதான். வெயிலில் பஸ்ஸுக்குக் காத்து நிற்க வேண்டாம். குமணன்சாவடியில் அத்தை வீட்டில் ஃபேன் காற்றில் இருக்கலாம். அத்தைக்கு இடுப்பில் ஒரு பிள்ளை, வயிற்றில் ஒரு பிள்ளை. கூடமாட இருக்க ஒரு பெண் தேவைப்பட்டது. அந்தப் பெண் நான் என்று முடிவாகியிருந்தது.

அப்படி யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்ததாக எனக்கு நினைவில்லை. எங்கள் வீட்டில் முடிவுகள் அப்படித்தான் வரும், மழை வருவதுபோல. மே மாதக் கடைசியில் தாத்தாவின் முதல் வருஷத் திவசம். அதற்கு அத்தை வருவாள். திரும்பிப் போகும்போது என்னை அழைத்துக்கொண்டு போவாள். என் இரண்டு பாவாடைகளும் ஒரு மஞ்சள் பைக்குள் ஏற்கெனவே போயிருந்தன. ஆறாம் வகுப்புக்கு அம்பத்தூரில் பெண்கள் பள்ளியில் சேர வேண்டும் என்று டீச்சர் சொல்லியனுப்பியதை நான் வீட்டில் சொன்னேன். அப்பா தலையைச் சொறிந்தார். பெரியப்பா பின்னலை இழுத்தார்.

இத்தனைக்கும் எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். கல்யாணப் பத்திரிகை வந்தால் என் கையில்தான் கொடுப்பார்கள். ரேஷன் கடைப் பலகையைப் படித்து மண்ணெண்ணெய் வந்திருக்கிறதா இல்லையா என்று தெருவுக்கே அறிவிப்பவள் நான். அதில் எனக்கு இருந்த கர்வத்துக்கு அளவே இல்லை. இப்போதும் அது முழுக்கப் போய்விடவில்லை.

எண்பதுகளின் கடைசியில் கள்ளிக்குப்பம் பாதி ஊர், பாதி வயல். எங்கள் தெருவின் ஒரு முனையில் நின்றால் அறுவடை முடிந்த வயலும் பனைமரங்களும் தெரியும். மறுமுனையில் நின்றால் தூரத்தில் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளின் புகைபோக்கிகள் தெரியும். கோடை விடுமுறையில் காலையில் அம்மா வேலிக்காத்தான் விறகு வெட்ட ஏரிக்கரைக்குப் போவாள். நான் கூடப் போவேன். விறகுக்காக இல்லை, வேடிக்கைக்காக.

வற்றிக்கொண்டிருக்கும் ஏரியைப் போல ஒரு வேடிக்கை உலகத்தில் கிடையாது. தண்ணீர் சுருங்கிச் சுருங்கி நடுவில் நாலைந்து குட்டையாக நிற்கும். மீனெல்லாம் அங்கே ஒதுங்கிவிடும். அதைத் தெரிந்துகொண்டு எங்கிருந்தெல்லாமோ நாரைகள் வந்து இறங்கும். நத்தைகுத்தி நாரை மூக்கின் நடுவே சந்து விட்டுக்கொண்டு, பாக்குவெட்டியைக் கையில் பிடித்த கிழவன் மாதிரி நிற்கும். மீன்கொத்தி தந்திக் கம்பியிலிருந்து கல் விழுவதுபோல விழுந்து, நீலமாக மேலே ஏறும். பஞ்சுருட்டான் குருவி பறக்கும் தும்பியை ஆகாயத்திலேயே பிடித்துவந்து, கம்பியில் இரண்டு தட்டு தட்டி விழுங்கிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் உட்கார்ந்திருக்கும். கொண்டலாத்தி தரையில் இறங்கியதும் தலையில் ஒரு விசிறியை விரித்து மடிக்கும். கருவேல மரங்களில் சில்வண்டு இரைவது எஸ்டேட்டில் மெஷின் ஓடுகிற மாதிரியே கேட்கும். எஸ்டேட்டிலாவது ஷிப்ட் மாறும்போது சங்கு ஊதி நிறுத்துவார்கள். சில்வண்டுக்கு ஷிப்டே கிடையாது.

நான் நின்று நின்று பார்ப்பேன். அம்மா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். "பராக்கு பாக்காம நட பாப்பா. வெயில் ஏறுது" என்பாள். அவளுக்கு இதிலெல்லாம் ஈடுபாடு இல்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அந்தக் கோடையில் நான் அதிகம் பார்த்தது ஏரியில் இல்லை. எங்கள் வீட்டு வாசலிலேயே இருந்த மின்கம்பத்தின் உச்சியில். அங்கே ஒரு காக்கை ஜோடி கூடு கட்டியிருந்தது. பெரியப்பா என்னைக் கிண்டல் செய்தபோது நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் கூட்டைத்தான்.

எங்கள் பக்கத்துக் காக்கைகள் எஸ்டேட் காக்கைகள். மற்ற ஊர்க் காக்கைகள் சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டும். இவை கம்பெனிகளின் பின்பக்கம் போய்க் கம்பி பொறுக்கிக் கட்டும். இதனால் ஈ.பி.காரர்களுக்கும் காக்கைகளுக்கும் எல்லாக் கோடையிலும் தகராறு. ஒருநாள் மத்தியானம் கம்பத்தில் படபடவென்று நெருப்புப் பொறி பறந்தது. தெருவுக்கே கரண்ட் போயிற்று. ஈ.பி.காரர் வந்து நீண்ட மூங்கில் கழியால் கூட்டை நெட்டித் தள்ளினார். அது கீழே விழுந்த சத்தத்தைக் கேட்டு எல்லாரும் கூடிவிட்டார்கள்.

"கூடா இது? காயலான் கடைய தூக்கி மேல வெச்சிகீது" என்றார் அவர்.

உண்மையில் அது ஒரு அதிசயம். கட்டுக் கம்பி, அலுமினியக் கம்பி, ஒரு ஸ்பிரிங், சைக்கிள் சக்கரத்தின் போக்ஸ் கம்பி ஒன்று. எல்லாவற்றையும் வளைத்து, ஒன்றுக்குள் ஒன்றை நுழைத்து, முனைகள் ஒன்றுகூட உள்பக்கம் நீட்டாதபடி காக்கைகள் திருப்பி விட்டிருந்தன. உட்புறத்தில் தேங்காய் நாரும், மெஷின் துடைத்துப் போட்ட கழிவு நூலும் மெத்தையாகக் கிடந்தன. கையும் இல்லாமல் குறடும் இல்லாமல் வெறும் மூக்கால் செய்த வேலை. எஸ்டேட்டில் லோடுமேனாக இருந்த அப்பா அதிலிருந்து மின்னும் செம்புக் கம்பி ஒன்றை உருவிப் பார்த்தார்.

"இது எங்க கம்பெனி கம்பி. நாங்க வெளிய வரச்சொல்ல பாக்கெட்ட தடவித் தடவிப் பாக்கறான் வாட்ச்மேன். இது பாரு, பட்டப்பகல்ல தூக்கிகினு வந்துகீது."

எல்லாரும் சிரித்தார்கள். கூட்டில் இரண்டு குஞ்சுகள் இருந்தன. ஒன்று விழுந்த வேகத்தில் செத்துவிட்டது. இன்னொன்று சற்றுத் தள்ளி, வேலியோரத்தில் கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. அதை நான் மட்டும்தான் பார்த்தேன் என்று நினைத்தேன். பாவாடையில் மறைத்து எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு விறகு அடுக்கியிருக்கும். அதன் மறைவில் பழைய கோழிக்கூடை ஒன்றைக் கவிழ்க்காமல் நிமிர்த்தி வைத்து, கழிவு நூலைப் பரப்பி, குஞ்சை உட்கார வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. காக்கைக் குஞ்சை வீட்டில் வைத்தால் சனி பிடிக்கும் என்று பெரியப்பா தூக்கி எறிந்துவிடுவார்.

ஆனால் சொல்லாமலே இரண்டு பேருக்குத் தெரிந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் தாய்க்காக்கையும் தகப்பன்காக்கையும் கூடையைக் கண்டுபிடித்துவிட்டன. எது தாய், எது தகப்பன் என்று எனக்குத் தெரியாது. ஒன்றின் இறக்கையில் ஓர் இறகு இல்லாமல் சந்து தெரியும், அவ்வளவுதான் அடையாளம். கூட்டைப் பிய்த்துப் போட்ட மனிதர்களின் வீட்டுக்கொல்லையிலேயே, அந்த மனிதர்கள் நடமாடும்போதே, அவை வந்து இறங்கின. என்னைப் பார்த்து ஒரு சத்தம் போட்டுவிட்டு, குஞ்சின் வாய்க்குள் தலையையே விடுவதுபோல் விட்டு ஊட்டின. என்னவெல்லாம் கொண்டுவந்தன தெரியுமா? டீக்கடை வடைத் துண்டு, மீன் குடல், வயலில் பிடித்த சுண்டெலியின் பின்பாதி, யாரோ பூசை செய்த பொங்கல். என் பங்குக்கு நான் வேப்பம்பழமும் வெட்டுக்கிளியும் கொண்டுவந்தேன். வேப்பம்பழத்தைக் குஞ்சு ஆசையாகத் தின்றது. காக்கைக் குஞ்சுக்குப் பழத்தின்மேல் அவ்வளவு ஆசை எதற்கு என்று முதலில் எனக்குத் தோன்றவில்லை.

சில நாள் போனபின் இறகு முளைத்தது. கறுப்பு இறகுதான். ஆனால் கறுப்பில் சுண்ணாம்பு தெளித்ததுபோல் புள்ளிகள். வாலும் நீண்டுகொண்டே போயிற்று. அன்றைக்குக் கூடையருகே குந்தியபடி நான் வாயைப் பிளந்தேன். காக்கை கூட்டில் குயில் முட்டையிடும் என்று ஐந்தாம் வகுப்பில் டீச்சர் சொல்லியிருந்தார். காக்கை ஏமாளி, குயில் சோம்பேறி என்றும் சொல்லியிருந்தார். இது காக்கையே இல்லை, குயில்.

பள்ளியில் சொன்ன ஒரு விஷயம் என் கண்ணெதிரே சிறகடித்து நிற்பது எனக்கு அதுதான் முதல் தடவை. டீச்சர் சொன்னதில் பாதிதான் சரி என்பதும் அங்கேதான் தெரிந்தது. புள்ளி விழுந்த குஞ்சைக் காக்கைகளும் பார்த்துக்கொண்டுதானே இருந்தன? என்னைவிடக் கூர்மையான கண் அவற்றுக்கு. ஆனாலும் அவை ஊட்டுவதை நிறுத்தவில்லை. மத்தியான வெயிலில் கூடையின் விளிம்பில் ஒன்று இறக்கையை விரித்து நின்று நிழல் கொடுத்ததை நான் பார்த்தேன். அதை ஏமாளி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கும் வராது.

இதற்கிடையில் வீட்டில் வேறொரு கதை ஓடிக்கொண்டிருந்தது.

குஞ்சு இருக்கும் இடத்துக்கு யார் போனாலும் காக்கை தலையில் தட்டும். என்னை மட்டும் பழகிக்கொண்டது. ஒருநாள் பெரியப்பா கை கழுவப் பின்பக்கம் போனார். அவருக்கு முன்வழுக்கை. ஓர் இறகு குறைந்த காக்கை முருங்கை மரத்திலிருந்து இறங்கி, அந்த வழுக்கையைக் குறிபார்த்து ஒரு போடு போட்டுவிட்டுப் போயிற்று.

பெரியப்பா தலையைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பிறகு அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"டேய் சின்னவனே. அது நைனாடா."

"எது?"

"அந்தக் காக்கா. நம்ம ஊட்டையே சுத்திகினு கீது பாத்தியா? வேற எந்தக் காக்காவையும் அண்ட உட மாட்டேங்குது. தெவசம் வருதுன்னு வந்துகீறாரு. என்னாண்ட ஏதோ கோவம் அவருக்கு."

"உன்னாண்ட இன்னா கோவம்?"

"அதான் தெரில."

அப்பா கொஞ்சம் யோசித்து, "பீடி வாங்கிக் குடுக்கலன்னு கடைசில மொனவிகினே இருந்தாரு" என்றார்.

மறுநாள் மதில்மேல் ஒரு கட்டு பீடி வைக்கப்பட்டது. காக்கைகள் அதைச் சட்டை செய்யவில்லை. அடுத்த தடவையும் பெரியப்பாவுக்கு அடி விழுந்தது. எனக்குச் சிரிப்பு தாங்க முடியாமல் விறகு அடுக்கின் பின்னால் போய் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த வீட்டில் நடப்பது இன்னதென்று அறிந்த ஒரே ஆள் நான்தான் என்று எனக்கு ஓர் எண்ணம். படித்தவள் அல்லவா.

சிரிப்பெல்லாம் கொஞ்ச நேரம்தான். மூலையில் மஞ்சள் பை இருந்தது. அதைப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும்.

திவசத்தன்று காலையிலேயே அத்தை வந்துவிட்டாள். வந்ததும் என் கன்னத்தைக் கிள்ளி, "சாயங்காலம் போலாம் இன்னா? அங்க டிவிலாம் கீது" என்றாள். உறவுக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் வீடு நிறைய வந்திருந்தார்கள். இத்தனை பேர் இருக்கும்போது குஞ்சு கத்திவிட்டால் என்ன செய்வது? நான் பின்பக்கம் போய்க் கூடையின்மேல் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டு நன்றாக மூடினேன். இருட்டானதும் குஞ்சு அடங்கிவிட்டது. கோழிகளை அப்படித்தான் அடக்குவோம்.

அம்மா விடிகாலையிலிருந்து அடுப்படியில் இருந்தாள். தாத்தாவுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்திருந்தாள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, கத்திரிக்காய் வறுவல், ஆட்டுக்கறி, வடை. வாசல் மதில்மேல் வாழை இலை விரித்து, எல்லாவற்றிலும் ஒரு கை எடுத்து வைத்துத் தண்ணீர் சுற்றிப் பெரியப்பா கூப்பிட்டார்.

"கா... கா... வா நைனா. வந்து துன்னுட்டுப் போ."

இரண்டு காக்கைகளும் ஓட்டு முகட்டின்மேல்தான் உட்கார்ந்திருந்தன. அங்கிருந்து வாசலும் தெரியும், கொல்லையும் தெரியும். வாசலில் இலை. கொல்லையில் திடீரென்று காணாமல் போன குஞ்சு. அவை கொல்லைப் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தன. எங்களுக்கு முதுகைத்தான் காட்டின.

திவச வீட்டில் காக்கை இலையைத் தொடாவிட்டால் என்ன ஆகும் என்று நம்மில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. போனவருக்கு ஏதோ மனக்குறை. அது என்னவென்று கண்டுபிடித்து, வாய்விட்டுச் சத்தியம் செய்துகொடுத்தால்தான் அவர் சாப்பிடுவார். அவர் சாப்பிட்டால்தான் மற்றவர்கள் சாப்பிடலாம்.

பெரியப்பா ஆரம்பித்தார். "நைனா, உன் சமாதிக்கு வெள்ளை அடிக்கிறேன். ஆடி மாசத்துக்குள்ள."

காக்கை முதுகைச் சொறிந்துகொண்டது.

"உன் மீன் வலைய விக்கறேன்னு சொன்னேன். விக்கல. அப்படியே கீது."

காக்கை திரும்பவில்லை. அத்தை வயிற்றைத் தாங்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "நைனா, ஆம்பளப் புள்ள பொறந்தா உன் பேரு வெக்கறேன்."

"பொண்ணு பொறந்தா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"கம்முனு இரு. நைனாவே கேக்கல, நீ கேக்கற."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கருவாட்டு வாசனை எல்லாரையும் படுத்தியது. ஒரு குழந்தை பசியில் சிணுங்கியது. பெரியப்பாவின் வழுக்கையில் வேர்வை முத்துமுத்தாக நின்றது. அவர் உண்மையாகவே பயந்துபோயிருந்தார். தன் கையால் வைத்த சோற்றைத் தகப்பன் தொடவில்லை என்பது மூத்த மகனுக்கு எவ்வளவு பெரிய அடி என்று அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. என் சிரிப்பும் போய்விட்டது.

அப்போது அம்மா ஒரு சொம்போடு உள்ளிருந்து வந்தாள். பெரியப்பாவின் முன்னால் அவள் பேச மாட்டாள். அவருக்கு எதிரில் நிற்கக்கூட மாட்டாள். ஓரமாகவே வந்து, அப்பாவின் காதருகே ஏதோ சொன்னாள். தோளில் இருந்த துண்டை இடுப்பில் கட்டச் சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். பிறகு, தண்ணீர் எடுக்கப் போகிறவள்போல் சொம்போடு வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள்.

அப்பா துண்டைத் தொடவில்லை. தொண்டையைக் கனைத்தார். அண்ணன் இருக்கும் இடத்தில் அவர் தானாக வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை.

"நைனா" என்றார். "எம் பொண்ண நிறுத்தல. ஆறாவது சேக்கறேன். அப்பால அவ எவ்ளோ படிக்கிறாளோ, படிக்கட்டும்."

பெரியப்பா திரும்பி அப்பாவைப் பார்த்தார். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் கொல்லையிலிருந்து குஞ்சின் சத்தம் வந்தது. பசித்த குஞ்சு தாயைக் கண்டதும் போடுமே, அந்தக் கரகரத்த கத்தல். வாசலில் நின்றவர்களுக்கு அது ஏதோ ஒரு காக்கையின் சத்தம்தான். முகட்டில் இருந்த இரண்டுக்கும் அது என்னவென்று தெரியும். இறகு குறைந்த காக்கை சட்டென்று நிமிர்ந்தது. கொல்லையைப் பார்த்தது. வாசலைப் பார்த்தது. ஒரே வீச்சில் மதிலுக்கு இறங்கி, தொண்டை புடைக்கச் சோற்றை அள்ளியது. போகிற போக்கில் நெத்திலி ஒன்றையும் கவ்விக்கொண்டு, கூரைக்கு மேலாகப் பின்பக்கம் பறந்தது. அதன் பின்னாலேயே அடுத்ததும் இறங்கியது.

பெரியப்பா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே கூப்பினார். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"கருவாட்ட எடுத்துகினு போறாரு பாரு. அது நைனாதாண்டா."

பிறகு அத்தையிடம், "நீ வேற ஆள் பாத்துக்கோம்மா. நைனா சொல்லிட்டாரு" என்றார்.

"நைனாவுக்கு எப்பவுமே நான் ரெண்டாம்பட்சம்தான்" என்று முனகிக்கொண்டே அத்தை இலையின் முன்னால் உட்கார்ந்தாள். இரண்டு முறை குழம்பு வாங்கிச் சாப்பிட்டாள்.

உயிரோடு இருந்த காலத்தில் தாத்தாவுக்கு என் படிப்பைப் பற்றி எந்த அபிப்பிராயமும் இருந்ததில்லை. பள்ளிக்கூடம் என்பது மத்தியானம் சோறு போடும் ஒரு கட்டடம் என்றுதான் கடைசிவரை எண்ணியிருந்தார். ஆனால் அன்றைக்குப் பிறகு, பேத்தியின் படிப்புக்காகக் காக்கையாய்த் திரும்பி வந்தவர் என்று தெருவில் பேரெடுத்துவிட்டார்.

பந்தி நடக்கும்போது நான் கொல்லைக்கு ஓடினேன். குஞ்சு கூடையின் விளிம்பில் ஏறி நின்று நெத்திலியை விழுங்கிக்கொண்டிருந்தது. சாக்கு பக்கத்தில் விறகின்மேல் நாலாக மடிந்து கிடந்தது. காற்றில் நழுவியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சாமி, தாத்தா, காற்று, எல்லாருமாகச் சேர்ந்து என்னைக் காப்பாற்றிவிட்டார்கள். இந்த ரகசியம் என்னோடுதான் இருக்கிறது, நான் வாயைத் திறந்தால் படிப்பு போய்விடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

பள்ளி திறப்பதற்குச் சில நாள் முன்பு குயில் பறந்துவிட்டது. முருங்கைக்குத் தாவியது, முருங்கையிலிருந்து பக்கத்து வீட்டுப் புங்கமரத்துக்கு. காக்கைகள் அங்கேயும் போய் ஊட்டின. ஒருநாள் புங்கமரத்திலும் அது இல்லை. இரண்டும் மரம் மரமாகத் தேடின. பிறகு, புதிதாக ஒரு கம்பியைக் கவ்விக்கொண்டு வந்து கம்பத்தின் உச்சியில் வைத்தன.

என்னைப் பள்ளியில் சேர்க்கப் பெரியப்பாவே வந்தார். தலைமை ஆசிரியையின் முன்னால் கைகட்டி நின்று, "எங்க நைனா உத்தரவும்மா. நல்லா படிக்க வெக்கணும்" என்றார். அந்த அம்மா ஏதும் புரியாமல் தலையசைத்தார்.

ஏழாவது போனேன், எட்டாவது போனேன், பத்தாவது தேறினேன். ஒவ்வொரு வருஷமும் திவசத்தன்று பெரியப்பா என் மார்க்கை மதில்முன் நின்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் இலை போடுவார். பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் விலங்கியல் எடுத்தேன். குயிலின் முட்டை, காக்கையின் முட்டை, எது முதலில் பொரிக்கும், ஏன் பொரிக்கும் என்று புத்தகம் புத்தகமாகப் படித்தேன். படிக்கப் படிக்க அந்த ஜோடிமேல் மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

போன வருஷம் ஒரு சாயங்காலம் அம்மா கோழிகளை அடைத்துக்கொண்டிருந்தாள். கூடையின்மேல் கிடந்த சாக்கை எடுத்தாள். உதறினாள். முனையோடு முனை சேர்த்து, மார்பில் வைத்து நீவி, நாலாக மடித்து விறகின்மேல் வைத்தாள். அம்மா எதையும் அப்படியே போட மாட்டாள். கரித்துணியைக்கூட மடித்துத்தான் வைப்பாள்.

நான் கையிலிருந்த டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டேன். காற்று சாக்கைத் தள்ளும். நாலாக மடித்து வைக்காது.

அதன்பின் ஒவ்வொன்றாக வந்தது. ஒரு கரண்டி காணாமல் போனாலும் வீட்டைப் புரட்டிப் போடுகிறவள், அந்த மாதம் முழுக்கக் கோழிக்கூடை எங்கே என்று கேட்கவே இல்லை. குஞ்சின் பக்கத்தில் நான் வைத்த கொட்டாங்குச்சியில் தண்ணீர் ஒருநாளும் வற்றியதில்லை. விறகு எடுக்கத் தினமும் அங்கே போன அவளைக் காக்கைகள் ஒருமுறைகூடத் தலையில் தட்டவில்லை. அன்று அப்பாவின் காதில் அவள் சொன்னது துண்டைப் பற்றி இல்லை.

கேட்டேவிட்டேன். "அம்மா, தாத்தா தெவசத்தன்னிக்கு அந்தச் சாக்க நீதான எடுத்த?"

அவள் கோழிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"மூடியே வெச்சா உள்ள கீறதுக்கு மூச்சு முட்டாதா பாப்பா? தொறந்து உட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். வழிதவறிய ஒரு பெட்டைக் கோழியைக் காலால் உள்ளே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினாள். வீட்டில் படித்தவள் நான் ஒருத்திதான் என்று இத்தனை வருஷம் நான் சுமந்த கர்வத்தில் பாதியை அங்கேயே இறக்கி வைத்தேன். மீதிப் பாதி எனக்கு வேண்டியிருக்கிறது.

இந்த வருஷம் பி.எஸ்ஸி. முடித்தேன். பெரியப்பா திருவேற்காட்டில் ஒரு வரன் பார்த்து வைத்திருந்தார். நல்ல பையன் என்றார்கள், இருக்கலாம். நான் அம்பத்தூரில் ரயிலேறிக் கல்லூரிக்குப் போய் எம்.எஸ்ஸி.யில் சேர்ந்துவிட்டேன். வகுப்பு தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. காக்கைக்குக் காத்திருக்காமல், சேர்ந்த பிறகுதான் பெரியப்பாவிடம் சொன்னேன்.